கரிசலுக்கும் தேரிக்கும் புதுப் பொருள்: நெல்லைச் சீமையில் நிலத்தைப் பக்குவப்படுத்த ஒரு முழு வழிகாட்டி

எங்கள் மண் சோதனைக் கூடத்துக்குள் நுழைகிறவர்கள் முதலில் கேட்பது, "என்ன சார், மண்ணெண்ணெய் வாடை அடிக்கு?" என்றுதான். உலர்த்தி, 425 மைக்ரான் சல்லடையில் சலித்த மண்ணைப் பத்துப் பத்து கிராமாக நிறுத்து, 100 மில்லி கண்ணாடி ஜாடிகள் இரண்டில் போடுவோம். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். 24 மணி நேரம் கழித்துப் பார்த்தால் மண்ணெண்ணெய் ஜாடியில் மண் போட்டது போட்டபடி 12 மில்லியில் கிடக்கும். தண்ணீர் ஜாடியில், கயத்தாறுக்கு வடக்கே அள்ளிய கரிசல் என்றால், 24 மில்லி வரை ஏறி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அதாவது உப்பல் நூறு சதவீதம். ஐம்பதைத் தாண்டினாலே எச்சரிக்கை. நூறைத் தாண்டினால் அந்த மண்ணின் மேல் சும்மா கிராவல் கொட்டி ரோடு போடுவது ஐப்பசி மழைக்குப் பணம் கட்டுகிற மாதிரி.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. வருகிறவர்கள் பொருளின் பெயரோடுதான் வருவார்கள். "ஃப்ளை ஆஷ், அதான் நிலக்கரிச் சாம்பல், போடலாமா?", "உமிச் சாம்பல் நல்லதாமே?", "பாக்டீரியா விட்டு மண்ணைக் கல்லாக்குகிறார்களாமே?" மருந்துக் கடைக்குப் போய்விட்டு அப்புறம் வைத்தியரைப் பார்க்கிற வரிசை இது. மண் என்ன செய்கிறது என்று தெரிந்த பிறகுதான் அதற்கு எந்தப் பொருள் என்ற பேச்சே வர வேண்டும்.

முதல் படி: காலடியில் இருப்பது என்ன மண்

பழைய திருநெல்வேலி ஜில்லாவைச் சொல்கிறேன். 1986-ல் தூத்துக்குடியும் 2019-ல் தென்காசியும் தனி மாவட்டமாகப் போனாலும் மண் அந்தக் கோட்டைப் பார்த்துப் படியவில்லை. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம், சங்கரன்கோவிலின் ஒரு பகுதி, இவையெல்லாம் கரிசல். நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் செவலும் சரளையும். தோண்டினால் சீக்கிரமே பாறை. சாத்தான்குளம், திசையன்விளை, குதிரைமொழி வட்டாரத்தில் தேரி, அதாவது காற்று கொண்டுவந்து குவித்த செம்மணல். தாமிரபரணிக் கரையில் வயல் களி. கடலோரம் உப்பளக் களி. இவை போக, தோண்டும்போது வெள்ளையாகத் தட்டுப்படும் சுக்கான் என்ற சுண்ணாம்புக் கட்டி அங்கங்கே உண்டு.

எந்த வேலையானாலும் குறைந்தது மூன்று இடத்தில் குழி வெட்டிப் பாருங்கள். ரோடு என்றால் ஒன்றரை மீட்டர், வீடு என்றால் வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டும் ஆழத்துக்கும் கீழே ஒரு மீட்டர். மேல் மண்ணைப் பார்த்து முடிவெடுத்தவர்கள் நிறையப் பேர் ஏமாந்திருக்கிறார்கள். மேலே ஓரடி செம்மண், கீழே கரிசல் என்பது இங்கே சாதாரணம்.

சோதனைகள் ஐ.எஸ். 2720 என்ற இந்தியத் தர நிர்ணயத் தொகுப்பில் இருக்கின்றன. துகள் அளவு 4-ஆம் பகுதி, நீர்ம, நெகிழ்ம எல்லைகள் (எவ்வளவு ஈரத்தில் மண் குழம்பாகிறது, எவ்வளவில் பிசைய வருகிறது என்பது) 5, ப்ராக்டர் இறுக்கம் (எந்த ஈரத்தில் மண் நன்றாக இறுகும் என்பது) 7 அல்லது 8, அழுத்த வலிமை 10, சி.பி.ஆர். (ரோட்டுக்கு அடியில் மண் எவ்வளவு தாங்கும் என்ற எண்) 16, மேலே சொன்ன மண்ணெண்ணெய் சோதனை 40. சி.பி.ஆரை நான்கு நாள் ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும். காய்ந்த கரிசலில் கடப்பாரையே துள்ளும். அதே மண் ஊறினால் சி.பி.ஆர். இரண்டு வருவதே பெரிய காரியம்.

இரண்டாம் படி: பக்கத்தில் என்ன கிடைக்கிறது

நிலத்துக்கு அடியில் போகும் பொருள் டன் கணக்கில் வேண்டும். அதனால் லாரி ஓடும் தூரமே பாதி முடிவைச் சொல்லிவிடும். நம் பக்கம் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளவை இவை.

நிலக்கரிச் சாம்பல். தூத்துக்குடி அனல்மின் நிலையம் ஐந்து 210 மெகாவாட் அலகுகள் கொண்டது. 2021 டிசம்பர் 31-ல் வந்த மத்திய அரசு அறிவிக்கை, நிலையங்கள் சாம்பல் முழுவதையும் பயன்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்கிறது. 300 கிலோமீட்டர் சுற்றளவில் நடக்கும் கட்டுமானங்களையும் அது கணக்கில் சேர்க்கிறது. நெல்லைச் சீமை முழுக்க அதற்குள் அடங்கிவிடும். சாம்பலில் இரண்டு சாதி உண்டு. புகைபோக்கி வடிகட்டியில் பிடிக்கும் உலர் சாம்பல் நைசானது, சுண்ணாம்போடு சேர்ந்தால் இறுகும். தண்ணீரோடு கலந்து குட்டைக்கு அனுப்பும் சாம்பல் பரும்படியானது, மேடு நிரப்பத்தான் லாயக்கு. இரண்டுக்கும் பெயர் ஒன்றாக இருப்பதால் எஸ்டிமேட்டில் நடக்கும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல.

கிரஷர் டஸ்ட். தாமிரபரணியில் மணல் அள்ள 2010-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்டது. வழக்கைத் தொடுத்தவர் ஸ்ரீவைகுண்டத்துக்காரரான தோழர் நல்லகண்ணு. ஆற்று மணல் அரிதாகி எம்-சாண்ட் பெருகியபோது, கல் நொறுக்கும் இடங்களில் தூளும் மலையாகச் சேர்ந்தது. பசையே இல்லாத பொருள். அதனால்தான் பசை மிகுந்த கரிசலுக்கு இது நல்ல ஜோடி.

சுண்ணாம்பு. தாழையூத்தில் சிமெண்ட் ஆலை வந்ததே அங்கே சுண்ணாம்புக்கல் இருந்ததால்தான். நமக்கு வேண்டியது நீற்றிய சுண்ணாம்புத் தூள், ஐ.எஸ். 712 தரத்தில், பை பிரிக்காதது. பிரித்துப் போட்ட பை காற்றைக் குடித்துத் திரும்பச் சுண்ணாம்புக்கல் தூளாகிவிடும். வீட்டுக்கு அடிக்கும் வெள்ளையாக இருக்கும், வேலை செய்யாது.

உமிச் சாம்பல். ரைஸ் மில் பாய்லரில் வருவது. நன்றாக எரிந்தது சாம்பல் நிறம். கருகருவென்று இருந்தால் கரி மிச்சம், தள்ளிவிடுங்கள். சிலிக்கா 85 முதல் 90 சதவீதம் வரை இருக்கும், அதுதான் சுண்ணாம்போடு கூடிப் பிடிப்பது. ஆனால் ஒரு மில் சாம்பல் போல இன்னொரு மில் சாம்பல் இருக்காது. ஒரே மில்லில் வாங்குங்கள், லோடுக்கு லோடு பாருங்கள்.

கயிறு வலை. தேங்காய் நார்க் கயிற்றில் கண்ணி கண்ணியாக நெய்தது. இதற்குப் பின்னால் வருகிறேன்.

தாமிரக் கசடு பற்றியும் கேட்பார்கள். கனமான, தண்ணீர் வடியும் நல்ல நிரப்புப் பொருள்தான். ஆனாலும் உலோகம் கசிகிறதா என்ற சோதனை முடிவும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியும் கையில் இல்லாமல் ஒரு கூடை கூட இறக்காதீர்கள். குளத்து வண்டலும் கரம்பைக் களியும் வயலுக்குச் சொத்து, ரோட்டுக்கு ஆகாது. மக்கிய பொருள் அதிகம்.

மூன்றாம் படி: எவ்வளவு சுண்ணாம்பு

கரிசலை அடக்க இன்றைக்கும் சுண்ணாம்பை மிஞ்சியது இல்லை, எனவே இதில் கொஞ்சம் நிதானிப்போம். கலந்த சில மணி நேரத்திலேயே களித் துகள்கள் ஒன்றோடொன்று கூடிப் பொலபொலவென்று ஆகிவிடும். கையில் ஒட்டிய மண் தூளாக உதிரும். இது முதல் கட்டம். இரண்டாவது, களியின் சிலிக்காவும் அலுமினாவும் கரைந்து சுண்ணாம்போடு சேர்ந்து சிமெண்ட் போல இறுகுவது. அதற்கு வாரக்கணக்கு, மாதக்கணக்கு ஆகும். மண்ணில் காரம் குறையாமல் இருந்தால்தான் இந்த இரண்டாம் கட்டம் நடக்கும்.

ஆகவே அளவு கண்டுபிடிக்கும் சோதனையும் காரத்தைப் பார்ப்பதுதான். 1966-ல் ஈட்ஸ், கிரிம் என்ற இருவர் கொடுத்த முறை இது. 25 கிராம் மண் வீதம் ஆறு பாட்டில். 2, 3, 4, 5, 6, 8 சதவீதம் சுண்ணாம்பு. ஒவ்வொன்றிலும் காய்ச்சி வடித்த தண்ணீர் 100 மில்லி. ஒரு மணி நேரம் அவ்வப்போது குலுக்கி, பி.எச். அளவெடுங்கள். 12.4-ஐத் தொடும் மிகக் குறைந்த சதவீதம்தான் உங்கள் தொடக்க அளவு.

இங்கே ஒரு நுணுக்கம். 12.4 என்பது 25 பாகை வெப்பத்துக்குச் சொன்ன எண். நம் ஊரில் சித்திரை மாதம், ஏ.சி. இல்லாத அறையில் சுத்தமான சுண்ணாம்புக் கரைசலே 12.3-க்கு மேல் ஏறாது. இது தெரியாமல் ஒரு மாணவர் சுண்ணாம்பைக் கூட்டிக்கொண்டே போய் பத்து சதவீதத்தில் நின்றார். ஏழாவதாக ஒரு பாட்டிலில் மண்ணில்லாமல் சுண்ணாம்பு மட்டும் கரைத்து வையுங்கள். அது காட்டும் எண்தான் அன்றைய இலக்கு.

அந்த அளவிலும், அதற்கு ஒன்று கூட, ஒன்று குறைய வைத்தும் சிறு உருளைகள் செய்து, 7 நாளும் 28 நாளும் ஈரம் போகாமல் பொதிந்து வைத்து உடைத்துப் பாருங்கள். ஒரு ஜோடியை உடைக்கும் முன் தண்ணீரில் ஊறப்போடுங்கள். ஊறியது கரைந்துபோனால் மற்ற எண்களைப் பார்க்கவே வேண்டாம். பெரும்பாலும் கரிசலுக்கு 3 முதல் 6 சதவீதத்துக்குள் முடிந்துவிடும். உலர் சாம்பலோ உமிச் சாம்பலோ 10 சதவீதம் சேர்த்து, சுண்ணாம்பை ஒன்று, ஒன்றரை சதவீதம் குறைக்க முடிகிறதா என்றும் இதே உருளைகளில் பார்த்துவிடலாம்.

மண்ணின் நெகிழ்மைக் குறியீடு, அதாவது நீர்ம எல்லைக்கும் நெகிழ்ம எல்லைக்கும் உள்ள வித்தியாசம், பத்துக்குக் கீழே என்றால் சுண்ணாம்பு வீண். பிடித்துக்கொள்ள அங்கே களியே இல்லை.

கட்டாயமாக ஒன்று: சல்ஃபேட். கரிசலில் ஜிப்சம் படிகங்கள் மின்னுவதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். உப்பளப் பக்கம் சொல்லவே வேண்டாம். சல்ஃபேட் உள்ள களியில் சுண்ணாம்பு போட்டால் எட்ரிஞ்சைட் என்ற ஊசிப் படிகம் வளர்ந்து, அடக்க வந்த மருந்தே ரோட்டைத் தூக்கிவிடும். அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் நகரத்து ஸ்டூவர்ட் அவென்யூ இப்படித்தான் உப்பிப் போனது. துறையில் எல்லோரும் சொல்லும் பாடம் அது. கரையும் சல்ஃபேட் 0.3 சதவீதத்தைத் தாண்டினால் நிபுணரைக் கேளுங்கள். 0.8-ஐத் தாண்டினால் சுண்ணாம்பையும் சிமெண்டையும் மறந்துவிட்டு, கிரஷர் டஸ்ட் கலப்பது, உப்பாத செம்மண் அடுக்கு போடுவது என்று வேறு வழி பாருங்கள். அந்த அடுக்கு முறைக்கு மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர்.கே. கட்டி என்பவர் ஆதாரம் தந்தார். கரிசலில் கால்வாய் கட்டுவதற்கான ஐ.எஸ். 9451 அதைத்தான் சொல்கிறது.

நான்காம் படி: ஐம்பது மீட்டர் ஒத்திகை

முழு வேலையையும் ஒரே மூச்சில் தொடங்காதீர்கள். ஐம்பது மீட்டர் செய்து பாருங்கள். காலம் தை முதல் வைகாசி வரை. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழி வரும் காற்று சுண்ணாம்பையும் சாம்பலையும் அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை.

முழு வேலைக்குக் கணக்கு இப்படி: 200 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 25 சென்டிமீட்டர் ஆழம் என்று வையுங்கள். மொத்தம் 200 கன மீட்டர். கன மீட்டருக்கு ஒன்றரை டன் உலர் மண் என்றால் 300 டன். 4 சதவீதம் சுண்ணாம்பு 12 டன், அதாவது 25 கிலோ பை 480. ஆளிடம் "சதுர மீட்டருக்கு 15 கிலோ" என்று சொன்னால் புரியாது. "ஐந்து மீட்டர் நீளத்துக்குப் பன்னிரண்டு பை" என்று சொல்லி, நூல் பிடித்துக் கட்டம் போட்டு, கட்டத்துக்கு இத்தனை பை என்று முதலிலேயே இறக்கி வையுங்கள்.

மண்ணைக் கிளற டிராக்டரும் ரோட்டவேட்டரும் போதும். கட்டிகள் உடைய வேண்டும்; 25 மில்லிமீட்டருக்கு மேல் ஒன்றும் நிற்கக் கூடாது. முதல் முறை ஒரு ஊரில் நாங்கள் பையைப் பிரித்துக் கொட்டியபோது டிராக்டர்க்காரர், "என்ன அண்ணாச்சி, ரோட்டுக்கு உரம் போடுதிய?" என்று கேட்டார். சிரிப்பாக இருந்தாலும், அவர் உழுத பக்குவம்தான் வேலையைக் காப்பாற்றியது. நான்கு சால் போட்டும் அடியில் கட்டி இருக்கிறது என்று அவரே இறங்கிக் காட்டி, ஐந்தாவது சால் ஓட்டினார்.

கலந்ததும் தண்ணீர் தெளித்து, லேசாக ஒரு ரோலர் ஓட்டி, ஒரு நாள் அப்படியே விடுங்கள். மறுநாள் மண் நிறமும் குணமும் மாறியிருக்கும். திரும்ப ஒருமுறை கிளறி, ஈரத்தை ப்ராக்டர் சோதனை காட்டிய அளவுக்கு ஒரு சதவீதம் கூடுதலாக வைத்து, நன்றாக இறுக்குங்கள். பிறகு ஏழு நாள் ஈரம் காயக் கூடாது, வண்டி ஏறக் கூடாது. ஊருக்குள் இந்த ஏழு நாள்தான் பெரிய போராட்டம். மாற்றுப்பாதை ஏற்பாடு செய்யாமல் தொடங்கவே தொடங்காதீர்கள்.

சுண்ணாம்பு அடிவரை போனதா என்று எப்படித் தெரியும்? பள்ளிக்கூட ஆய்வகத்தில் பார்த்த பினாஃப்தலீன்தான். இறுக்கிய இடத்தில் கையகலக் குழி வெட்டி, அதன் சுவரில் தெளியுங்கள். சுண்ணாம்பு போன ஆழம் வரை ரோஜா நிறம் ஏறும். 25 சென்டிமீட்டர் கேட்டு, 14-ல் நிறம் நின்றுபோனால் ரோட்டவேட்டர் கத்தி கீழே இறங்கவில்லை என்று அர்த்தம். கான்ட்ராக்டரோடு வாக்குவாதம் செய்வதைவிட இந்த ஒரு பாட்டில் எவ்வளவோ மேல்.

கொட்டுகிறவர்களுக்குக் கண்ணாடி, கையுறை, முகமூடி கட்டாயம். கண்ணில் பட்டால் வேறு எந்தக் கைவைத்தியமும் வேண்டாம். பதினைந்து, இருபது நிமிடம் விடாமல் சுத்தத் தண்ணீரால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

சாம்பல் மேடு

பாலத்துக்கு ஏறும் சரிவு, தாழ்வான மனையைத் தூக்குவது போன்றவற்றுக்குக் குட்டைச் சாம்பல் நல்ல பொருள். மண்ணைவிட எடை குறைவு என்பதால் அடியில் உள்ள இளகிய களிக்குப் பாரம் குறையும். வழிமுறை இந்திய சாலைகள் காங்கிரஸ் வெளியிட்ட ஐ.ஆர்.சி. எஸ்.பி. 58-ல் இருக்கிறது. சாரம் இதுதான்: நடுவில் சாம்பல், இரு பக்கமும் மேலும் நல்ல மண் போர்வை. போர்வையைச் சாம்பலோடு சேர்த்தே அடுக்கடுக்காக ஏற்ற வேண்டும். சாம்பலை முதலில் ஏற்றிவிட்டு மண்ணைக் கடைசியில் பூசலாம் என்று நினைத்த ஒரு வேலையை எனக்குத் தெரியும். நானும் அதில் ஆலோசகன், எனவே பழி எனக்கும் உண்டு. ஆடிக் காற்று ஒரே வாரத்தில் பக்கத்துத் தோட்டத்து வாழையிலையை எல்லாம் சாம்பல் பூசிவிட்டது. வாழைக்காரர் வாசலில் வந்து நின்றபோது சொல்ல ஒரு பதிலும் இல்லை.

நிலத்தடி நீர் மட்டத்துக்கு மேலேதான் சாம்பல் இருக்க வேண்டும். கிணறு, குளம், ஓடை பக்கத்தில் வேண்டாம். கடலோர நிலையத்துச் சாம்பல் என்றால் உப்புச் சோதனையும் செய்யுங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டைத் தொடும் இடமாக இருந்தால் அது மிக முக்கியம்.

தேரியும் சரிவும்

தேரி மணல் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. பருமனும் நைசும் கலந்திருந்தால்தான் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும், இது உருண்டோடும். நம் விவசாயி இதற்கு என்றோ வழி கண்டுவிட்டார்: மணற்காட்டில் கரம்பை அடிப்பது. ரோட்டுக்கும் அதே தத்துவம்தான். கிரஷர் டஸ்டும், 10 முதல் 15 சதவீதம் பசையுள்ள செம்மண்ணும் சேர்த்து அளவுக் கலவை செய்தால் தேரி பிடித்துக்கொள்ளும். பாரமான வண்டி போகும் இடத்தில் தேன்கூடு போன்ற ஜியோசெல் விரித்து அதற்குள் அதே மணலை நிரப்பலாம். மணல் பக்கவாட்டில் ஓட முடியாமல் நின்றுவிடும்.

பாக்டீரியா முறைக்கு இந்த மணல் தோதுதான். யூரியாவை உடைத்துச் சுண்ணாம்புக்கல் படிய வைக்கும் நுண்ணுயிர் அது. ஆனால் அம்மோனியா கழிவாக வரும், அதை யார் வாங்கிக்கொள்வது? ஆய்வகத்தில் அழகு. ஊராட்சி ரோட்டுக்கு இப்போதைக்கு வேண்டாம்.

2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நின்றுபோக, அதற்கு அப்பால் ஜல்லியும் மண்ணும் அடித்துச் செல்லப்பட்டு தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிய படத்தை எல்லோரும் பார்த்தோம். அதற்குப் பிறகு குளத்துக் கரைக்கும் ரோட்டுச் சரிவுக்கும் கயிறு வலை கேட்டு வருகிறவர்கள் அதிகம். உண்மையைச் சொல்கிறேன்: கரை மேல் வெள்ளம் ஏறிப் பாய்ந்தால் கயிறு வலை நிற்காது. அதன் வேலை, புதுச் சரிவில் மழைத்துளி விழுந்து ஓடை ஓடையாக அரிப்பதைத் தடுத்து, புல் பிடிக்கும் வரை காப்பது. இரண்டு, மூன்று ஆண்டில் மக்கிவிடும். அதற்குள் அருகும் வெட்டிவேரும் வேரோடியிருக்க வேண்டும். உச்சியில் ஓரடிக் காடி வெட்டி முனையைப் புதையுங்கள், பக்கத்துக்கு 15 சென்டிமீட்டர் மேல்மடிப்பு விடுங்கள், வலை மண்ணோடு ஒட்டுமாறு முளை அடியுங்கள். தொங்கலாக விட்டால் அதன் அடியிலேயே தண்ணீர் ஓடும்.

பச்சைக் கணக்கு, காகிதக் கணக்கு

'சுற்றுச்சூழலுக்கு நல்லது' என்று எழுதும் முன் ஒரு கணக்குப் போட்டுவிடுங்கள். மேலே சொன்ன 12 டன் நீற்றிய சுண்ணாம்பு, சுட்ட கல்லில் இருந்து மட்டுமே ஏழு டன் கரியமில வாயுவை வெளியே விட்டிருக்கும், சூளை விறகு தனி. அதே 200 மீட்டரில் கரிசலை வெட்டி அகற்றி, 30 கிலோமீட்டரில் இருந்து சரளை கொண்டுவந்தால் போகவர சுமார் 90 நடை. டிப்பர் லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் ஓடினால் டீசல் புகை மூன்றரை டன் அளவில்தான் வரும். ஆக, புகை ஒன்றை மட்டும் பார்த்தால் சுண்ணாம்பு தோற்கிறது! வெட்டாமல் விட்ட குன்று, அள்ளிய கரிசலைக் கொட்ட இடம் தேடாதது, அடித்தளம் வலுத்ததால் மேலே குறையும் ஜல்லி, இவற்றைச் சேர்த்தால்தான் தராசு சமமாகும். சாம்பல் சேர்த்துச் சுண்ணாம்பைக் குறைத்தால் நிச்சயம் நம் பக்கம் சாயும். சரளைக் குவாரி ஐந்து கிலோமீட்டரில் இருந்தால், தயங்காமல் சரளையையே போடுங்கள்.

அரசு வேலை என்றால் விலைப்பட்டியலில் இல்லாத பொருளுக்குத் தனி டேட்டா (விலைக் கணக்கு) போட்டு ஒப்புதல் வாங்க வேண்டும். கயிறு வலைக்கு வழி கொஞ்சம் சுலபம். பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் 5 சதவீத நீளத்துக்கு அதைப் பயன்படுத்தலாம் என்று 2020-லேயே முடிவாகியிருக்கிறது. தனியார் வேலையில் உரிமையாளரிடம் ஒத்திகை முடிவைக் காட்டி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சின்ன வீடு என்றால் புதுப் பொருளே தேவைப்படாமல் போகலாம். கரிசலில் கீழே குமிழ் விட்ட பைல் (தரைக்குள் ஆழமாக இறக்கும் தூண்), ஐ.எஸ். 2911 மூன்றாம் பகுதிப்படி, நெடுநாளாக நின்று காட்டியது.

முடிந்த பிறகு

ஒத்திகை நீளத்தில் இருபது மீட்டருக்கு ஒரு ஆணி அடித்து மட்டம் எடுத்து எழுதி வையுங்கள். முதல் ஐப்பசி முடிந்து ஒருமுறை, சித்திரை வெயிலில் ஒருமுறை, இரண்டாம் ஐப்பசி முடிந்து ஒருமுறை. நடுவில் ஏறி இறங்கினால் கலவையில் கோளாறு. ஓரத்தில் மட்டும் வெடித்தால் பெரும்பாலும் கலவை மேல் தப்பில்லை. பக்கவாட்டு ஓடை அடைத்திருக்கும், இல்லையென்றால் யாராவது ரோட்டோரமாக வாழை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். போய்ப் பாருங்கள். இரண்டாம் ஐப்பசிக்குப் பிறகும் மட்டம் ஒரு விரல்கடைக்குள் நின்றால், மீதி 150 மீட்டருக்குப் பை இறக்கச் சொல்லலாம்.